பாக்டீரியா யாருக்கும் கூலியாள் அல்ல

2017 ஜனவரி 28, அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிவிப்பு சொன்னது. கடலுக்கு அந்த அறிவிப்பு எட்டவில்லை போலிருக்கிறது. ஓரிரு நாளில் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் தார் போன்ற கறுப்புக் குழம்பு வந்து ஒதுங்கியது. மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் பிளாஸ்டிக் வாளியால் அதை அள்ளி அள்ளி ஊற்றினார்கள். அடுத்த மாதமே ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்களை அனுப்பிய நாடு இது. எண்ணூரில் அதன் தொழில்நுட்பம் வாளி!

அந்தச் சமயத்தில்தான் ஒரு மந்திரச் சொல் செய்திகளில் வலம் வந்தது: ‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா’. கேட்டவர்களுக்கு ஒரு நிம்மதி. ‘அதான் பாக்டீரியா இருக்கே, தின்னுடும்’ என்று பேச்சு முடிந்துவிடும். வாளி தூக்கியவனின் கைப் புண்ணும் மறந்துபோகும், யார் பொறுப்பு என்ற கேள்வியும் மறந்துபோகும்.

இந்த நிம்மதி பாதி அறிவியலின் மேல் கட்டப்பட்டது. எண்ணெயைச் சிதைக்கும் ஜீன் (மரபணு) சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஜீன் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் கோளாறு. தெரியாமல் பேசினால் அறியாமை. தெரிந்தே பேசினால் காதில் பூ சுற்றுவது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2017-ல் அரசு சொன்ன பாக்டீரியாத் திட்டம் கடலில் தூவுகிற திட்டம் அல்ல. அள்ளிய கழிவைத் துறைமுக வளாகத்தில் சுமார் 2,000 சதுர மீட்டர் இடத்தில் கொட்டி, இந்தியன் ஆயில் ஆராய்ச்சி மையம் தந்த பாக்டீரியாக் கலவையால் பதப்படுத்துவதுதான் ஏற்பாடு. தரையில், எல்லை கட்டி, காற்றுப் பட, மண்ணோடு புரட்டிச் செய்கிற வேலை. அதில் தப்பில்லை, அது செய்யவேண்டிய முறைதான். ஆனால் குழியில் நடப்பதை வைத்துக்கொண்டு, அள்ளப்படாமல் கடலிலும் கழிமுகச் சேற்றிலும் தங்கிவிட்ட எண்ணெய்க்கும் அதே கதையைச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

சரி, பாக்டீரியாவின் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

படகு இருக்கிறது, கடலுக்குப் போகிறதா?

காசிமேட்டில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் நிற்கின்றன. எஞ்சின் உண்டு, வலை உண்டு, ஐஸ் பெட்டி உண்டு. அதனால் எல்லாப் படகும் எல்லா நாளும் கடலுக்குப் போகிறதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஒன்றும் நகராது. புயல் எச்சரிக்கை வந்தால் நகராது. மீன்பாடு இல்லை, டீசல் காசுகூடத் தேறாது என்று தெரிந்தால் உரிமையாளர் சாவியையே எடுக்க மாட்டார். படகு இருப்பதற்கும் படகு ஓடுவதற்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது.

பாக்டீரியா செல்லுக்குள்ளும் இதே கணக்குதான். மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிடம் ஏறக்குறைய 4,300 ஜீன்கள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு ஜீனும் ஒரு புரதத்துக்கான செய்முறைக் குறிப்பு. அந்தக் குறிப்பை ஆர்என்ஏவாக நகல் எடுக்கவும், நகலைப் படித்துப் புரதம் செய்யவும் ஆற்றல் செலவாகும், மூலப்பொருள் செலவாகும். எல்லா ஜீனையும் எந்நேரமும் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த செல் திவாலாகிவிடும். சிக்கனமாக இருக்கும் பக்கத்து செல் அதை முந்திக்கொண்டு பெருகிவிடும். எனவே தேவைப்படும் ஜீனைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறப்பது பாக்டீரியாவுக்கு வாழ்வா சாவா பிரச்சினை.

இதை உலகுக்குச் சொன்னவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஃபிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ. 1940-களின் தொடக்கத்திலேயே மோனோ ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். இரண்டு வகைச் சர்க்கரை கலந்து கொடுத்தால் பாக்டீரியா ஒன்றைத் தீர்த்துவிட்டு, கொஞ்ச நேரம் வளராமல் நின்று, பிறகுதான் மற்றதைத் தொடுகிறது. பந்தியில் முதலில் பிரியாணி, அது தீர்ந்த பிறகுதான் பழைய சோறு! ஏன் இந்த இடைவெளி என்ற கேள்விக்குப் பதில் வர இருபது ஆண்டுகள் ஆயின. 1961-ல் இருவரும் ஓபரான் கோட்பாட்டை வெளியிட்டார்கள். 1965-ல் ஆந்த்ரே லுவாஃபோடு சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு.

அந்தப் பதில் இதுதான். பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் ஜீன்கள் டிஎன்ஏவில் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் வாசலில் ஒரு அடக்கும் புரதம் பூட்டுப் போல உட்கார்ந்திருக்கிறது. லாக்டோஸ் உள்ளே வந்ததும் அதன் மாற்று வடிவம் ஒன்று பூட்டில் ஒட்டி அதைக் கழற்றிவிடும். ஆனால் பூட்டுக் கழன்றால் மட்டும் போதாது. குளுக்கோஸ் கையில் இருக்கும்வரை ஜீன் முனகிக்கொண்டுதான் ஓடும். குளுக்கோஸ் தீர்ந்ததும் செல்லுக்குள் ஒரு பசிச் சமிக்ஞை ஏறும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு புரதம் வந்து தள்ளிவிட்டால்தான் முழு வேகம். அதற்கு முன் ஒரு செல்லில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த செரிமான நொதி, பிறகு ஆயிரக்கணக்கில் பெருகும்.

ஆக, ஒரு பூட்டுக்கு இரண்டு கேள்வி. ‘இந்தச் சாப்பாடு இருக்கிறதா?’ ‘இதைவிட நல்ல சாப்பாடு இல்லையா?’ இரண்டுக்கும் ஆம் என்றால்தான் கதவு திறக்கும்.

எண்ணெயின் பூட்டு

எண்ணெய்க்கும் இதே கதைதான். சூடோமோனாஸ் இனத்து பாக்டீரியா ஒன்றில், ஆக்டேன் போன்ற எண்ணெய் மூலக்கூறுகளைச் சிதைக்கும் ஜீன்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அங்கே ஆல்க்-எஸ் என்ற புரதம் காவலாளி. எண்ணெய் மூலக்கூறு வந்தால் அது ஜீன்களைத் திறந்துவிடும். முதல் கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று.

இரண்டாவது கேள்வியை மறந்துவிட்டுத்தான் ‘தின்னுடும்’ என்கிறார்கள். சுலபமான உணவு தாராளமாகக் கிடைக்கும் ஊட்டக் கரைசலில் இதே பாக்டீரியாவை வளர்த்தால், எண்ணெய் கண்முன்னே இருந்தாலும் அந்த ஜீன்கள் அடங்கிவிடுகின்றன. சிஆர்சி என்ற புரதம், காவலாளிப் புரதத்துக்கான ஆர்என்ஏ நகலையே படிக்க விடாமல் தடுக்கும். காவலாளியே வேலைக்கு வராவிட்டால் கதவை யார் திறப்பது?

எண்ணூர் கழிமுகத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாய் வடசென்னையின் சாக்கடையைச் சுமந்துகொண்டு அங்கேதான் வந்து சேர்கிறது. சாக்கடை என்றால் மனிதனுக்கு மூக்கைப் பொத்த வேண்டிய விஷயம். பாக்டீரியாவுக்கு அது கல்யாணப் பந்தி. ஆய்வகக் குடுவையில் எண்ணெயை மட்டும் ஊற்றிக் காட்டிய வேகத்தை, பந்தி நடக்கும் கால்வாயிலும் எதிர்பார்ப்பது என்ன கணக்கு?

‘சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றனவே, அவை பாக்டீரியாவுக்கு நல்லதுதானே?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. எண்ணெயில் கார்பன் ஏராளம், ஆனால் செல் கட்டத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட இல்லை. திறந்த கடலில் இந்தப் பற்றாக்குறைதான் பாக்டீரியாவின் கையைக் கட்டிப்போடுகிறது. கழிமுகத்தில் அந்தப் பஞ்சம் குறைவு, சரி. ஆனால் அதே சாக்கடை வேறொன்றைப் பறித்துக்கொள்கிறது: ஆக்சிஜன்.

எண்ணெய் மூலக்கூறைச் சிதைக்கும் முதல் நொதி ஆக்சிஜன் இல்லாமல் கத்தியைக்கூட எடுக்காது. அலையாத்தி மரங்களின் அடியில் இருக்கும் சேற்றைக் காலால் கிளறியவர்களுக்குத் தெரியும், மேலே பழுப்பு, கொஞ்சம் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கறுப்பில் ஆக்சிஜன் கிடையாது. எண்ணெய் அதற்குள் இறங்கிவிட்டால், ஜீன் திறந்திருந்தும் பயனில்லை. ஆக்சிஜன் இன்றி எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் உண்டுதான். அவை ஆமை வேகம்.

இன்னொன்று, எண்ணெய் என்று ஒரே பொருள் கிடையாது. மேலே சொன்ன பாக்டீரியாவின் ஜீன்கள் சிறிய, நேரான மூலக்கூறுகளுக்கானவை. கப்பல் எஞ்சினில் எரிக்கும் கன எண்ணெயிலோ நீண்ட சங்கிலிகளும், பல வளையங்கள் கொண்ட மூலக்கூறுகளும், தார் போன்ற பிசுக்கும் அதிகம். அவற்றில் ஒரு பகுதியை பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் தொடும், கடைசிப் பகுதியைத் தொடுவதே அரிது. எர்ணாவூர்ப் பாறைகளில் ஒட்டியது அந்த வகைதான்.

சக்கரவர்த்தியின் பாக்டீரியா எங்கே போனது?

எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்றதும் ஓர் இந்தியப் பெயர் பெருமையோடு சொல்லப்படும்: ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. 1938-ல் மேற்கு வங்கத்தில் பிறந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளைச் சிதைக்கும் ஜீன்கள் வெவ்வேறு பாக்டீரியாக்களில், பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே சூடோமோனாஸில் குடியேற்றினார். 1972-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமையா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. உயிரித்தொழில்நுட்ப வணிகத்துக்கே கதவைத் திறந்த தீர்ப்பு அது.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெருமையோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த பாக்டீரியா எந்தக் கடல் எண்ணெய்க் கசிவையும் சுத்தம் செய்யப் பயன்படுத்தப்படவில்லை. மரபணு மாற்றிய உயிரைத் திறந்தவெளியில் விடுவதற்கான அச்சமும் தடைகளும் ஒரு காரணம். ஜீன்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் கடலில் வேலை நடந்துவிடாது என்பது இன்னொரு காரணம்.

1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டியபோது என்ன செய்தார்கள்? புது பாக்டீரியாவை நம்பவில்லை. கரையில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களுக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் தெளித்தார்கள். அதில் சிதைவு வேகம் கூடியது. வெளியிலிருந்து பாக்டீரியா சேர்த்துப் பார்த்த சோதனைகளில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் தெரியவில்லை. பாடம் தெளிவு: ஆள் பற்றாக்குறை இல்லை, வேலை செய்யும் சூழல்தான் பற்றாக்குறை. எண்ணெய் கசியும் கடலில் அதைத் தின்னும் பாக்டீரியா முன்பே குடியிருக்கும். பொட்டலத்தில் கட்டி விற்க வேண்டிய பொருள் அல்ல அது.

‘அப்படியானால் பாக்டீரியா வேஸ்ட் என்கிறீர்களா?’ இல்லவே இல்லை. அல்கானிவோராக்ஸ் என்ற கடல் பாக்டீரியா எண்ணெயையே முக்கிய உணவாகக் கொண்டு வாழ்கிறது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் கிணறு வெடித்தபோது உள்ளூர் பாக்டீரியாக்கள் பெருகிப் பெரும் பங்கைச் சிதைத்தன. உலகின் எண்ணெய்க் கறையைக் கடைசியில் துடைப்பவை இவைதான். ஆனால் தங்கள் பசிக்காக, தங்கள் நேரத்தில், தங்கள் நிபந்தனைப்படி. காட்டுக்குப்பத்து மீனவரின் இறால் பருவத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று எந்த பாக்டீரியாவும் ஒப்பந்தம் போடவில்லை.

ஏட்டுச் சுரைக்காய்

வேதனை என்னவென்றால், இந்த அறிவு எண்ணூருக்கு அந்நியமானது இல்லை. பிளஸ் டூ உயிரியலில் லாக் ஓபரான் பாடம் இருக்கிறது. திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் இருக்கும் பிள்ளைகள் அந்தப் படத்தை அழகாக வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் பூட்டும் சாவியும் பள்ளிக்கு ரெண்டு தெரு தள்ளி ஓடும் கால்வாயில் இந்த நிமிடம் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று பாடம் சொல்கிறதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவும், யாராவது அடுப்பில் ஏற்றினால். ஏற்றாததால்தான் ‘பாக்டீரியா தின்னுடும்’ என்று பெரிய மனிதர் யாராவது மைக்கில் சொன்னால், லாக் ஓபரானில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் தலையாட்டிவிட்டுப் போகிறது.

2023 டிசம்பரில் இதன் விலை தெரிந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்தது. சிபிசிஎல் சுத்திகரிப்பு நிறுவனம் தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது. அதன் வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதாமல் இருந்ததே காரணம் என்று அரசுத் தரப்பு ஆய்வு சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இந்த வாதப் பிரதிவாதம் நடந்துகொண்டிருந்தபோது படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் எண்ணெய் அப்பிக்கொண்டிருந்தது. கூழைக்கடாக்கள் கறுப்பு இறகோடு நின்றன. மறுபடியும் மீனவர்கள்தான் படகில் போய்க் கையால் அள்ளினார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வாளி!

வெள்ளம் வடிந்தது. சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய் வடியவில்லை. இறாலும் நண்டும் வாழ்வது அந்தச் சேற்றில்தான். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு நிற்பதும் அதே சேற்றில்தான். ‘இயற்கை சரிசெய்துவிடும்’ என்று சொல்வது அவர்களிடம் ‘ஜீன் திறக்கும்வரை பட்டினி கிட’ என்று சொல்வதற்குச் சமம்.

எனவே இனி யாராவது எண்ணூரில் பாக்டீரியா பெயரைச் சொல்லிச் சமாதானம் பேசினால், பிளஸ் டூ முடித்த எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. கொட்டியது எந்த வகை எண்ணெய்? அதில் பாக்டீரியா தொடக்கூடிய பங்கு எவ்வளவு?

2. அது தங்கியிருக்கும் இடத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா?

3. நைட்ரஜனும் பாஸ்பரஸும் எந்த அளவில் இருக்கின்றன?

4. பக்கத்திலேயே அதைவிடச் சுலபமான சாப்பாடு ஓடிக்கொண்டிருக்கிறதா?

5. எண்ணெய் குறைந்ததா என்று யார், எத்தனை மாதம் அளக்கப்போகிறார்கள்? அந்தக் கணக்கு மீனவர் கைக்கு வருமா?

இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் பாக்டீரியாவைப் பற்றிப் பேசலாம். இல்லாவிட்டால் அதற்குப் பெயர் அறிவியல் இல்லை, கைகழுவல்.

பாக்டீரியாவின் ஜீனைத் திறப்பதும் மூடுவதும் மனிதன் கையில் இல்லை. ஆலையின் மழைநீர் வடிகாலை அடைப்பதும், கால்வாயின் குறுக்கே எண்ணெய்த் தடுப்பு மிதவையை முதல் மணி நேரத்திலேயே போடுவதும் மனிதன் கையில்தான் இருக்கின்றன. கையில் இருப்பதைச் செய்யாமல், கண்ணுக்குத் தெரியாத உயிரின் தலையில் வேலையைக் கட்டுவதை எண்ணூர் இரண்டு முறை பார்த்துவிட்டது. மூன்றாவது முறை வாளியைத் தூக்கும் முன்னாவது, வடிகால் வாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும்.